பாலக்குழிக்காரி

மண்டை ஓட்டின் அடித்தளத்தில், மூளை உட்கார்ந்திருக்கும் தரையின் நட்டநடுவில், ஒரு சின்னக் குழி இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுதான். கடலைப் பருப்பு அளவில் ஒரு சுரப்பி அதில் படுத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் அதிகாரம் செய்கிறது. குழிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டில் கால் மாதிரி நான்கு எலும்பு முனைகள். சிலருக்குக் குழி ஆழம், சிலருக்குச் சப்பை, சிலருக்கு வட்டம். சிலருக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே எலும்பு வளர்ந்து பாலம் போட்டிருக்கும். மூக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரியா இருக்கிறது? அதைப் போலத்தான் இதுவும். ஆனால் மூக்கைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிவிட்டோம். குழியை யாரும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவதற்கு ஆள் உண்டு.

சங்ககிரி லாரிப்பேட்டைக்கு எதிரே இருந்த ஸ்கேன் சென்டரில், தலையை அசையாமல் பிடித்திருந்த சட்டத்திலிருந்தும் காதில் சொருகியிருந்த குச்சிகளிலிருந்தும் விடுபட்டுப் பிரகதி வெளியே வந்தாள். படமெடுக்கும் பூபதி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"என்னுங்ணா, பேயைக் கண்ட மாதிரி பாக்கறீங்க?"

"அம்மிணி... பாலம் தெரியுதுங்க."

பிரகதிக்கு முப்பத்தொன்பது வயது. பதினெட்டு வருடமாகச் சரம் ஓட்டுகிறாள். சரம் என்றால், முன்னால் போகிற ஒரு லாரியில் மட்டும் ஆள் இருக்கும். பின்னால் ஆளே இல்லாத பதினொரு லாரிகள் அதே தடத்தில் வரும். முன்வண்டிக்காரி பிரேக் போட்டால் பன்னிரண்டும் நிற்கும். அவள் கண் அசந்தால் பன்னிரண்டுக்கும் கேடு. சங்ககிரியிலிருந்து நாக்பூர் வரைக்கும் அப்படிப் போய் வந்ததில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவள் இடித்ததில்லை. தொப்பூர் இறக்கத்தில் அவள் சரம் வருகிறது என்றால் மற்ற வண்டிக்காரர்கள் நிம்மதியாக டீ குடிப்பார்கள்.

குழி எந்த வகை என்று போட்டிருக்கும் அவளுடைய ஓட்டுநர் அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதுவரை சேலத்தில் படம் எடுத்தாள், இயல்பு என்றே வந்தது. இந்த முறை வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்துவிடலாம் என்று இங்கே வந்தாள்.

"பாலமா? எனக்கா?" என்றாள் பிரகதி.

"பதறாதீங்க. இது முதல் படந்தானுங்க. பத்து நிமிசத்துக்குள்ள வேற படம் எடுத்துட்டா ஆபீசுக்கு இது போகாது, அதுதான் போகும்." பூபதி எழுந்து சட்டத்தின் திருகாணியைத் தளர்த்தினான். ஐம்பத்திரண்டு வயதுக்காரன், இந்த நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறான். "தலையை மூணு டிகிரி இந்தப் பக்கம் சாய்ச்சுக்கங்க. பக்கத்து எலும்போட நிழல் பாலத்து மேல உளுந்துரும். கம்ப்யூட்டர் குழம்பிப் போயி 'இயல்பு'ன்னு அடிச்சுரும். எல்லாரும் பண்றதுதானுங்க."

"எல்லாருமின்னா?"

"எல்லாருமின்னா எல்லாருந்தான்."

இதற்குக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சரம் கட்டுமீறி ஓடி ஒன்பது பேர் செத்தார்கள். ஓட்டியவன் மண்டையை முழுப் படம் எடுத்துப் பார்த்தால், குழியில் பாலம். பாலம் சுரப்பியை நெருக்குகிறது, நெருக்குவதால் திடீர் வெறி வருகிறது என்று யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் எழுதினார். 'வரலாம்' என்றுதான் எழுதினார். பேப்பர்காரர்கள் 'வருகிறது' என்று போட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் பாலக்குழி உள்ளவர்கள் முன்வண்டியில் ஏறக் கூடாது என்றார்கள். ஒரு வருடத்தில் அது சட்டமானது. பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ், ஸ்கூல் வேன் டிரைவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் குழி அட்டை கேட்டார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஜாதகத்தோடு குழிப் படத்தையும் வைத்துப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு, பாலத்துக்கு என்ன பரிகாரம்? அதற்குத்தான் பூபதியின் மூன்று டிகிரி. பிறந்த நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டு ஜாதகம் எழுதிய ஜனத்துக்குத் தலையை மூன்று டிகிரி சாய்ப்பது பெரிய காரியமா?

"வாங்க, வந்து உக்காருங்க. ஏழு நிமிசந்தான் இருக்குது."

பிரகதி உட்காரவில்லை. அவளுக்குள் முதலில் வந்தது பயம். இந்த வண்டி போனால் தனக்கு வேறு என்ன தெரியும் என்கிற பயம். பின்னாலேயே கோபமும் வந்தது. அந்த ஆசனத்தை யாரும் அவளுக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. மழையிலும் பனியிலும் ஓட்டி ஓட்டிச் சம்பாதித்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத் திருடி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா?

"நான் யாரைக் கொன்னேன்ணா?"

"நீங்க ஒருத்தரையும் கொல்லலீங்க அம்மிணி."

"அப்பறம் எதுக்கு நான் சாயோணும்? இருக்கறது இருக்கறபடியே போகட்டும்."

பூபதி கெஞ்சினான். ஊரோடு ஒத்து வாழ் என்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தாவது நிமிடம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. படம் போய்விட்டது.

மறுநாள் காலையில் முன்வண்டிக் கதவு அவள் கைரேகைக்குத் திறக்கவில்லை. பேட்டையில் டயர் காற்றுப் பார்க்கும் வேலையில் போட்டார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'பாலம்' என்று இருந்தது. அன்றிலிருந்து அவள் கோபப்பட்டால், பார், பாலம் வேலை செய்கிறது என்றார்கள். கோபப்படாமல் இருந்தால், பாலக்காரி அடக்கி வைத்திருக்கிறாள், எந்த நேரம் வெடிப்பாளோ என்றார்கள். முட்டைப் பண்ணையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கிருபாகரன் ஒருவன்தான், "கல்யாணமாகி பதினஞ்சு வருசமா நாந்தான் திட்டு வாங்கறேன், எனக்குத் தெரியாதா? இது எலும்புல வந்ததில்ல, உங்கம்மாகிட்ட இருந்து வந்தது" என்றான். அவள் அந்த வாரத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஓட்டுநர் சங்கச் செயலாளர் சம்பத் அவளைத் தேடி வந்தார். பிரகதிக்கு வண்டி பழக்கிவிட்டவரே அவர்தான்.

"மேல்முறையீடு போட்டிருக்கியாமே?"

"ஆமாங்ணா. சேலத்துல மருத்துவக் குழு விசாரிக்குது. வர்ற பதினாறாந் தேதி."

"எதுக்கு அம்மிணி? தலைவலியா இருந்துச்சு, அன்னிக்குப் படம் சரியா வரலைன்னு ஒரு மனு எழுதிக் குடு. மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. சாய்ச்சு எடுத்துக்கலாம்."

"நீங்க சாய்ச்சீங்களாண்ணா?"

சம்பத் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "மூணு தடவை," என்றார். "எம் புள்ளைக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. அவளுக்கும் சாய்ச்சுத்தான் எடுத்தது. நீ போயி அங்க சாய்க்கறதைப் பத்தி வாயைத் தொறந்தீன்னா, அத்தனை பேரையும் முழுப் படம் எடுப்பான். பாதிப் பேட்டை காலியாயிரும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துராத."

இதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. முப்பத்தாறு வருடம் லாரி ஓட்டிய மனுஷன், விரல் நகம் அளவு எலும்புக்குப் பயந்து நடுங்குவதைப் பார்க்கப் பிரகதிக்குப் பொறுக்கவில்லை.

அன்று மத்தியானமே அவள் பூபதியிடம் போனாள். அவன் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்ணா. பாலம் இருக்கறவன்தான் மோதறான்னு எதை வெச்சுச் சொல்றாங்க?"

"கணக்கு இருக்குதுங்க. இந்தப் பன்னண்டு வருசத்துல முப்பத்தொரு சரம் மோதியிருக்குது. அதுல பத்துப் பேருக்குப் பாலம். ஆனா அட்டை வாங்குன மொத்த டிரைவர்ல பாலம் இருக்கறது நூத்துக்கு மூணு பேருதான். நூத்துக்கு மூணு இருக்கவேண்டிய எடத்துல மூணுல ஒருத்தன்னா, சந்தேகம் வருமில்லீங்களா?"

"மோதுனவனுக்குப் படம் எடுக்கறதும் நீங்கதானா?"

"இல்லீங்க. அவங்களைச் சேலத்துக் குழாய் மெசினுக்குள்ள படுக்க வெச்சு எடுப்பாங்க. அது சுத்திச் சுத்தி எடுக்கும். அதுல எப்படிச் சாய்ச்சாலும் ஒளிக்க முடியாது."

பிரகதி எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒளுங்கா ஓட்டறவன் பாலத்தை நீங்க மறைச்சுடறீங்க. மோதுனவன் பாலத்தைச் சேலத்துக்காரன் தோண்டி எடுக்கறான். அப்பறம் கணக்குல மோதுனவனுக்கு மட்டுந்தானே பாலம் இருக்கும்?"

பூபதி சாப்பிடுவதை நிறுத்தினான்.

"நூத்துக்கு மூணு பேருன்னு சொன்னீங்களே, அது யாரு? என்னை மாதிரி சாய மாட்டேன்னவங்க, சாய்க்கத் தெரியாத ஊர்ல எடுத்தவங்க. மிச்சப் பேரு எங்க போனாங்க? உங்களுக்குத் தெரியும். உங்க கண்ணு முன்னாலதான் முதல் படம் வருது."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். ரொம்ப நேரம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளறை அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான்.

"நேரா எடுத்த முதல் படம் ஒண்ணைக்கூட நான் அழிக்கலீங்க. எடுத்த படத்தை அழிக்க மனசு வராது, பழக்கம் அப்படி. அறுநூத்திப் பன்னண்டு டிரைவர். அதுல பாலம் இருக்கறது நூத்தித் தொண்ணூத்தி மூணு."

பிரகதி மனக்கணக்குப் போட்டாள். மூன்றில் ஒன்று. மோதியவர்களிலும் மூன்றில் ஒன்று. அதாவது பாலத்துக்கும் மோதலுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான்.

"எத்தனை வருசமாத் தெரியும்?"

"ஆறேழு வருசமாவே தெரியுமுங்க."

"அட பாவி மனுசா! ஊர்ல எத்தனை கல்யாணம் நின்னு போச்சு! எத்தனை நர்சுப் புள்ளைங்க வேலையை விட்டுட்டுப் போனாங்க! பெட்டிக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டு தயிர்சோறு திங்கறீங்களே, எப்படீங்க எறங்குது?"

"நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க பண்ணேன்," என்றான் பூபதி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தர் பொழப்பைக் காப்பாத்தறோம்னு நெனச்சேன். இன்னொருத்தர், இன்னொருத்தர்னு போயிருச்சு. வெளிய சொன்னா என் லைசன்ஸ் போயிரும்."

"என்னுது போயிருச்சு. உக்காந்து காத்து அடிச்சுட்டு இருக்கறனே, செத்தா போயிட்டேன்?" அவள் எழுந்தாள். "பதினாறாந் தேதி பத்து மணிக்கு. வந்தா வாங்க. வராட்டியும் நான் போவேன்."

பதினாறாம் தேதி பூபதி வந்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். விசாரணைக்கு முன்னால் பிரகதியைக் குழாய் மெஷினில் ஒரு தடவை எடுக்க வேண்டும் என்பது குழுவின் விதி. படம் வைத்த உறையை வாங்கி வர, வேலை தெரிந்தவன் என்று பூபதிதான் உள்ளே போனான். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது. பாவம், பயம் என்று பிரகதி நினைத்துக்கொண்டாள். உறையைக் குழுவிடம் கொடுத்தாயிற்றா என்று கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

குழுத் தலைவி டாக்டர் நசீமா பொறுமையான பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டார்.

"பதினெட்டு வருஷம் விபத்தே இல்லாம ஓட்டியிருக்கீங்க. எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ஒரு ஆளை வெச்சு ஒரு விதியை மாத்த முடியாதும்மா."

"ஒரு ஆளு இல்லீங்க டாக்டரம்மா. நூத்தித் தொண்ணூத்தி மூணு பேரு."

பெட்டி மேசைக்குப் போனது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபது படம் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதெல்லாம் சாய்க்காத படம்னா, சாய்ச்சு வாங்கின அட்டைகள் இருக்கே, அது யார் யார் பேர்ல?"

"பேரை எல்லாம் எடுத்துட்டோமுங்க," என்றாள் பிரகதி.

"பேர் இல்லாம நான் எப்படி நம்பறது? போலி அட்டை வாங்கறது குற்றம். உங்களுக்குத் தெரிஞ்ச பேர்களைச் சொல்லுங்க. உங்களுக்கு வேண்டிய உதவி நான் பண்றேன்."

சம்பத்தின் நடுங்கிய குரல் பிரகதிக்கு ஞாபகம் வந்தது. அவருடைய மகளும் ஞாபகம் வந்தாள்.

"ஒரு பேருகூடச் சொல்ல மாட்டனுங்க. என் வண்டி திரும்பக் கெடைக்காட்டியும் சொல்ல மாட்டேன். பயந்தவங்களைப் புடிச்சுக் குடுத்துட்டு நான் போயி அந்த சீட்டுல உக்கார முடியாது. அவங்க எதுக்குப் பயந்தாங்கன்னு கேளுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க ஓட்டத் தெரியாதவனை விட்டுட்டு மண்டை கோணல்னு சொல்லிட்டு இருக்கீங்க. மோதுனவன் எத்தனை மணி நேரம் தூங்காம ஓட்டுனான்னு ஒருத்தராவது படம் எடுத்துப் பாத்தீங்களா?"

அப்போது பூபதி எழுந்து நின்றான்.

"சாய்ச்சது நாந்தானுங்க. அத்தனை பேரையும் நாந்தான் சாய்ச்சேன். அவங்க உக்காந்தாங்க, அவ்வளவுதான். எழுதிக்கங்க."

அவனுடைய உரிமம் அங்கேயே ரத்தானது. பிற்பகல் இரண்டு மணிக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். சாய்த்த கதை வெளியே வந்துவிட்டதால் பழைய கணக்கை நம்ப முடியாது. ஆறு மாதத்துக்குள் எல்லா ஓட்டுநர்களையும் பேரில்லாமல், எண் மட்டும் போட்டு, குழாய் மெஷினில் எடுத்து மறுகணக்கு எடுக்க வேண்டும். அதில் பாலம் தெரிந்தது என்பதற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. ஆனால் அட்டையில் ஏற்கெனவே பாலம் என்று ஏறியவர்கள் கணக்கு முடியும்வரை முன்வண்டி ஏற முடியாது.

"இது உங்க மனுவை வெச்சுத்தான் நடக்குது," என்றார் டாக்டர் நசீமா. "மனு இருக்கறவரைக்கும் மறுகணக்கும் இருக்கும். ஆறு மாசம் பொறுத்துக்குவீங்களா?"

"பதினெட்டு வருசம் ஓட்டினவளுக்கு ஆறு மாசம் பெருசாங்க?" என்றாள் பிரகதி. பெரிதுதான்.

வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்ததும் பூபதி நின்றுவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான்.

"அம்மிணி, என்னைச் செருப்பால அடிங்க. காலைல எடுத்த உங்க படத்தை நான் குழுகிட்டக் குடுக்கவே இல்லை. படம் இன்னும் மெசின் வரிசைலதான் நிக்குது, பொறகு வரும்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"உங்களுக்குப் பாலமே இல்லீங்க. அன்னிக்கு நான் காதுக் குச்சியைச் சரியா வெக்கல. தலை கொஞ்சம் திரும்பியிருக்குது. ரெண்டு எலும்பு நிழல் ஒண்ணு மேல ஒண்ணு உளுந்து பாலமாட்டத் தெரிஞ்சிருக்குது. முன்னாடியே சொல்லியிருந்தா விசாரணையே நடந்திருக்காது. மனு தள்ளுபடின்னு அனுப்பியிருப்பாங்க. அதான் வாயை மூடிட்டு இருந்தேன். இப்பப் போயிக் குடுத்தா நாளைக்கே நீங்க வண்டி ஏறலாம்."

பிரகதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அவனை அறைய வேண்டும் போல இருந்தது. நாளைக்கே வண்டி ஏறலாம். அந்தச் சொல்லில் நாக்பூர் ரோடும், காலை வெயிலும், பின்னால் அடக்கமாக வரும் பதினொரு வண்டியும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. உறையை வாங்கினாள். அலுவலக வாசல்படி வரை நடந்தாள். முதல் படியில் காலை வைத்தாள்.

அப்புறம் திரும்பி வந்தாள்.

"நான் இதைக் குடுத்தா மனு செத்துரும். மனு செத்தா மறுகணக்கும் செத்துரும். அதுமட்டுமில்லண்ணா, 'பாத்தீங்களா, பதினெட்டு வருசம் மோதாதவளுக்குப் பாலமே இல்லை'ன்னு என்னையும் அவங்க கணக்குல சேத்துக்குவாங்க. நான் ஓட்டுன ஓட்டத்தை வெச்சே சம்பத்தண்ணன் புள்ளையை அடிப்பாங்க."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"பத்திரமா வெச்சுக்கங்க. கணக்கு எடுக்கறப்ப என்னை விட்டுட்டு எண்ணச் சொல்லி நானே எழுதிக் குடுக்கறேன். என்னால அந்தக் கணக்குல ஒரு பொய் சேர வேண்டாம். ஆறு மாசம் முடிஞ்சதும் இந்தப் படத்தைக் காட்டிக்கலாம். அதுவரைக்கும் நான் பாலக்காரிதான்."

"இதுவும் ஒரு பொய்தானுங்களே அம்மிணி."

"அட்டைல அடிச்சது அவங்க. அழிக்கச் சொல்லி நான் இன்னும் கேக்கல, அவ்வளவுதான்."

சங்ககிரி பஸ்ஸில் கூட்டம். பிரகதிக்கு மூன்று பேர் இருக்கையில் நடு இடம் கிடைத்தது. பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெரிய குங்குமப் பொட்டுக்கார அம்மாள், மடியில் பூக்கூடை. பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் ஆவதற்குள் ஊர், பேர், புருஷன் வேலை, பிள்ளை குட்டி எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். கடைசியில், இந்தக் காலத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வந்தார்.

"உனக்கு என்ன குழி கண்ணு?"

"பாலக்குழிங்க," என்றாள் பிரகதி. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய் நின்றுகொண்டார். கண்டக்டர் ஒரு தரம் உற்றுப் பார்த்தார்.

ஜன்னலோரத்து அம்மாள் மட்டும் நகரவில்லை. பூக்கூடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பிரகதியின் காதோரம் குனிந்தார்.

"எனக்கும் அதேதான் கண்ணு. முப்பது வருசம் பிரசவ வார்டுல நர்சா இருந்தேன். எத்தனை கொழந்தையை இந்தக் கையில வாங்கியிருக்கறேன்! யார்கிட்டயும் சொல்லீராத."

பிரகதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டனுங்க," என்றாள். "நீங்க சொல்லுங்க."

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். பஸ் நிறையப் பேர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.